பூக்கடையில் போன் திக்கித் திக்கி ஓடுகிறது, 120 ஹெர்ட்ஸ் திரை வாங்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி: ஜார்ஜ்டவுன், பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். லிட்டில் இந்தியாவில் அஞ்சடியில், அதாவது கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில், ஒரு பூக்கடை வைத்திருக்கிறேன். அம்மா நடத்திய கடை, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள். மீதி எல்லாம் வாட்ஸ்அப் ஆர்டர்: கல்யாண மாலை, புதுக் காருக்கு மாலை, வீட்டுச் சாமிக்குச் சரம். அதனால் கத்தரிக்கோலும் வாழைநாரும் எப்படியோ, போனும் எனக்கு அப்படி ஒரு வேலைச் சாமான்.

2022இல் 649 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஆண்ட்ராய்டு போன். 4 ஜிபி ரேம் (ஓடும் ஆப்களை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு, 60 ஹெர்ட்ஸ் திரை. வாங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. ஓராண்டாகத் திக்குகிறது. மெதுவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சில நேரம் வேகமாகவே ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிற்கிறது, அப்புறம் விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் செய்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா வந்து, “போன மாசம் என் மருமகளுக்குக் கட்டினீங்களே, அதே மாதிரி வேணும்” என்றார். கேலரியைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டேன். இரண்டு தொடுதலும் சேர்ந்து வேலை செய்து வேறு ஏதோ ஒரு படம் திறந்துகொண்டது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். கட்டி முடித்த மாலையைப் படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது, நான் மனத்துக்குள் நான்குவரை எண்ணிவிடுகிறேன். செல்லினம் என்ற தமிழ்க் கீபோர்டில் “சம்பங்கி இரண்டு முழம்” என்று அடித்து முடித்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன.

இன்னொன்று. வாடிக்கையாளர் டூயிட்நவ் கியூஆரில் (வங்கிக் கணக்குக்கு நேரே காசு அனுப்பும் முறை) காசு அனுப்பினால், வந்துவிட்டது என்ற செய்தி எனக்குச் சில நேரம் பத்து நிமிடம் கழித்து வருகிறது. அவர்களை நிற்க வைத்துக் கேட்க எனக்கு மனம் வராது. நம்பி அனுப்பிவிடுகிறேன்.

மகளிடம் 120 ஹெர்ட்ஸ் போன் இருக்கிறது. அதில் படங்களைத் தள்ளினால் விரலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. போன் கடையில் கேட்டேன். “உங்களுடையது 60, அதுதான் திக்குது. 120 வாங்குங்க, 1,099 வெள்ளிதான்” என்றார்கள். எனக்கு அது சின்னக் காசு இல்லை. வழவழப்பு என்பது திரையில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பதில்: செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, வித்தியாசம் உண்மைதான். நான் தினமும் எல்ஆர்டி ரயிலில் போகும்போது படித்துக்கொண்டே போவேன். 60இலிருந்து 120க்கு மாறிய அன்றே தெரிந்தது. ஓடும் எழுத்தைக்கூடக் கண் பிடித்துக்கொள்கிறது.

60 ஹெர்ட்ஸ் என்றால் திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிவிநாடி. 120இல் அது 8.3 ஆகிவிடுகிறது. அதனால்தான் மகளின் போனில் படம் விரலோடு ஒட்டி வருவது போல இருக்கிறது. திரும்ப 60க்கு மாற்றிப் பார்த்தால் ஏதோ மணலில் இழுப்பது மாதிரி இருக்கும். பழகிய பிறகு பின்னால் போவது கஷ்டம்.

காசு இருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பேட்டரி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

பதில்: பட்டர்வொர்த்

தங்கச்சி, வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பதினைந்து வருடமாகப் போன் ரிப்பேர் செய்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி முக்கியமானது: ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கிறது என்றீர்கள். திரை 60 என்பதால் அப்படி நடக்காது. 60 என்பது நிதானமான நடை, அவ்வளவுதான். நிற்பது வேறு நோய்.

செந்தூல் தம்பி சொன்ன கணக்கு சரி. அதன் அடுத்த பாதியைச் சொல்கிறேன். அந்த 16.7 மில்லிவிநாடிக்குள் போன் அடுத்த படத்தை வரைந்து முடிக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் பழைய படத்தையே திரை இன்னொரு முறை காட்டும். அதுதான் நம் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது. நூறு பூ நெருக்கமாகத் தொடுத்து நடுவில் ஒரு பூ விட்டுப்போனால் கண் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 120 ஹெர்ட்ஸ் திரையில் இதே வேலையை 8.3 மில்லிவிநாடியில் முடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிப் பலவீனமானதாக இருந்தால் இடைவெளி இன்னும் அதிகமாகும். விலை குறைந்த 120 ஹெர்ட்ஸ் போன்கள் சில என் மேசைக்கு இதே புகாரோடு வருகின்றன.

2021இல் ஐபோன் 13 புரோ வரும்வரை எந்த ஐபோனிலும் 120 கிடையாது. எல்லாம் 60தான். அப்போதும் ஐபோன் வழவழவென்று ஓடுகிறது என்றுதான் ஊரே பேசியது. ஆண்ட்ராய்டுக்கு முதலில் அந்தப் பெயர் இல்லை. 2012இல் ஆண்ட்ராய்டு 4.1 வந்தபோது கூகள் இதற்காகவே தனியாக உட்கார்ந்து வேலை செய்தது. அந்த வேலைக்கு வைத்த பெயரே வெண்ணெய். திரை புதுப்பிக்கப்படும் தாளத்துக்கு எல்லா வரைதலையும் கட்டிவைத்தார்கள். கையிருப்பில் இரண்டு படம் இருந்த இடத்தில் மூன்றாவதும் வைத்துக்கொண்டார்கள். விரல் பட்டதும் சிப் உடனே வேகமெடுக்கும்படி செய்தார்கள். திரை அதே 60தான், ஆனால் கை உடனே வித்தியாசத்தை உணர்ந்தது. எனக்கு அந்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. பழைய போனில் மென்பொருளை ஏற்றி, விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். எனக்கு நான்கு பதில் வேண்டும்.

64 ஜிபியில் எவ்வளவு மிச்சம்? போனின் சேமிப்புச் சிப் சிலேட்டு மாதிரி ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுதும் சாமான் இல்லை. ஒரு பெரிய கட்டத்தை முழுதாகக் காலி செய்தால்தான் அதில் புதிதாக எழுத முடியும். அந்தக் கட்டத்தில் நல்ல தகவல் மிச்சம் இருந்தால் முதலில் அதை வேறு கட்டத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். காலிக் கூடை பக்கத்தில் இருந்தால் நொடியில் ஆகிற வேலை. எல்லாக் கூடையிலும் பூ நிறைந்திருந்தால்? நீங்கள் கேலரியைத் தொடும் நேரத்தில் உள்ளே கூடை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு, அந்த விலைப் போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி வகைச் சேமிப்புதான் வரும். அதில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்த்து முடியாது. யுஎஃப்எஸ் வகையில் முடியும். வாட்ஸ்அப் பின்னால் ஒரு வீடியோவை இறக்கி எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் படம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். போன் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை, பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. 120 என்ற எண்ணைவிட இது முக்கியம்.

இரண்டாவது, ஆப்பெல்லாம் அடிக்கடி மேலே தள்ளி மூடுகிறீர்களா? பலர் நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். மூடியதை மறுபடி திறக்கும்போது அடியிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். 4 ஜிபி ரேமில் ஆண்ட்ராய்டு தானே வேண்டாததை மூடிக்கொள்ளும். நீங்கள் கேமராவுக்குப் போகும்போது வாட்ஸ்அப்பை மூடிவிடும், கீபோர்டும் ஓர் ஆப்தான், அதுவும் வெளியே போய்வரும். செட்டிங்ஸில் கூடுதல் ரேம் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். சேமிப்பில் இடம் எடுத்து ரேம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் சேமிப்புக்கு இன்னொரு சுமை.

மூன்றாவது, காசு வந்த செய்தி தாமதமாக வருவது திக்கலே இல்லை. ஆண்ட்ராய்டு 6இலிருந்து, போன் சும்மா கிடக்கும்போது பின்னணி ஆப்களைத் தூங்க வைக்கும் பழக்கம் இருக்கிறது. பேட்டரி மிச்சம் பிடிக்க. சில தயாரிப்பாளர்கள் அதன்மேல் இன்னும் கடுமையாகக் கட்டிவைக்கிறார்கள். அந்த வங்கி ஆப்பின் தகவல் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள்.

நான்காவது கேள்வி உங்கள் தொழிலைப் பார்த்துக் கேட்கிறேன். போனைத் தொடும்போது கை ஈரமா?

ஒன்று மட்டும் வேண்டாம்: யாராவது போனை முழுதாக அழித்துப் புதிதாக்கச் சொன்னால் உடனே செய்யாதீர்கள். 2022இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த விதிப்படி வங்கி ஆப்பைப் புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரம் உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. கடையை மூடிவிட்டு மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

மிச்சம் இருப்பது 1.3 ஜிபி. வாட்ஸ்அப் மட்டும் 27 ஜிபி. குடும்பக் குழு மூன்று, பள்ளித் தோழிகள் குழு ஒன்று, கோயில் திருவிழாக் குழு இரண்டு, எல்லா வீடியோவும் தானாக இறங்கியிருக்கிறது. காலை வணக்கம் படங்களே ஆயிரக்கணக்கில்.

ஆப்களை ஒரு நாளைக்கு இருபது முறையாவது தள்ளி மூடுவேன். அக்கா மகன் சொல்லிக்கொடுத்தது. கூடுதல் ரேம் 2 ஜிபி போட்டிருந்தது.

கை எப்போதும் ஈரம்தான். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பேன், வாழைநாரும் நனைத்துத்தான் வைத்திருப்பேன். அதற்கும் இதற்கும் என்ன?

படங்களை அழிக்க மட்டும் எனக்குத் தயக்கம். அம்மா உயிரோடு இருந்தபோது மாலை கட்டும் கைகளை நிறையப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய போனிலிருந்து இதற்கு மாற்றி வந்தவை.

பதில்: ஜெலுத்தோங், பினாங்கு

அக்கா, நான் மோட்டாரில் சாப்பாடு அனுப்புகிறேன். எனக்கும் இதே கதைதான், ஆனால் காரணம் வேறு. போனைக் கைப்பிடியில் மாட்டி, மேப் போட்டு, சார்ஜும் போட்டு மத்தியானம் பாயான் லெப்பாஸ் வரைக்கும் போய்வந்தால் போன் கொதிக்கும். கொதித்தால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வெளிச்சமும் தானாகக் குறையும். நிழலில் பத்து நிமிடம் வைத்துக் கோப்பி ஓ குடித்துவிட்டு எடுத்தால் பழையபடி ஓடும். உங்கள் கடையில் போன் எங்கே இருக்கும்? அஞ்சடியில் சாயங்கால வெயில் அடிக்கும் பக்கமா? தடித்த உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே பயன்படுத்த வேண்டாம். எனக்கு இது மட்டுமே பாதியைத் தீர்த்தது.

பதில்: பட்டர்வொர்த்

தம்பி சொன்னது சரி. பேட்டரி பழசானாலும் இதே மாதிரி நடக்கும். ஆப்பிள் 2017இல் ஒரு மென்பொருளில், பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு முழுக்கக் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொடுத்தார்கள். பேட்டரி மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. அதனால் இரண்டு மூன்று வருடம் ஆன போனைத் தூக்கிப்போடுவதற்கு முன் பேட்டரியையும் நினைத்துப் பாருங்கள்.

தங்கச்சி, ஈரக் கை விஷயம். இந்தத் திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது, விரல் பட்ட இடத்தில் அது மாறுவதை வைத்துத்தான் தொட்டது எங்கே என்று கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரம் கடத்தும். ஈரம் பரவினால் தொட்டது ஒரு புள்ளியா, ஒரு குளமா என்று திரைக்குப் புரியாது. சில தொடுதல் காணாமல் போகும், சில தொடாத இடத்தில் விழும். நீங்கள் சொன்ன ‘முதல் தொடுதல் வேலை செய்யவில்லை’ என்பதில் பாதி இதுவாக இருக்கும். விலை உயர்ந்த போன்கூட ஈரத்தில் தடுமாறலாம். ஒரு பருத்தித் துண்டு பக்கத்தில் மாட்டிவையுங்கள். திரையையும் துடையுங்கள், விரலையும்தான்.

அம்மாவின் படங்களை அழிக்கவே வேண்டாம். ஒரு கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. இரண்டையும் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் போனிலிருந்து எடுக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது, எந்தக் குழு எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். அங்கே தொடங்குங்கள். தானாக இறங்குவதை நிறுத்துங்கள். 10 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கட்டும், இது என் கடை அனுபவக் கணக்கு.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று செய்யலாம். போனைப் பற்றி என்ற பக்கத்தில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பக்கம் திறக்கும். அதில் அனிமேஷன் அளவு மூன்று இருக்கும், 1 என்பதை 0.5 ஆக்குங்கள். போன் வேகமாகிவிடாது. பக்கம் திறக்கும்போது வரும் அசைவின் நேரம் பாதியாகும். கைக்கு வித்தியாசம் தெரியும். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம்.

மாற்றிய முதல் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். போன் சும்மா இருந்து சார்ஜிலும் இருக்கும்போதுதான் ஆண்ட்ராய்டு அழித்த இடங்களை ஒழுங்குபடுத்தும், ஆப்களை மறுபடி தயார் செய்துவைக்கும்.

கேள்வி கேட்டவர், பதினைந்து நாள் கழித்து

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நிதானமாகச் செய்துபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அம்மாவின் படங்கள் 412. மகள் கணினியிலும் பென் டிரைவிலும் ஏற்றினாள். இரண்டிலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் பதினோரு படங்களை மட்டும் போனிலேயே வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் 23 ஜிபி போனது. இப்போது காலி இடம் 26.

நான்குவரை எண்ணிக்கொண்டிருந்த கேமரா இப்போது இரண்டு எண்ணுவதற்குள் திறக்கிறது. கேலரி தொட்டவுடன் வருகிறது. ஆப்களை மூடுவதை நிறுத்த எனக்கு ஒரு வாரம் ஆனது, விரல் தானாகப் போய்விடும். நிறுத்திய பிறகு வாட்ஸ்அப் விட்ட இடத்திலேயே நிற்கிறது. எழுத்து அடிக்க அடிக்க வருகிறது. வங்கி ஆப்பில் நீங்கள் சொன்னபடி மாற்றினேன், காசு வந்த சத்தம் வாடிக்கையாளர் போனை உள்ளே வைப்பதற்குள் கேட்கிறது.

துண்டுதான் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. பூத்தட்டுக்கு மேலே ஆணியில் ஒரு வெள்ளைத் துண்டு மாட்டியிருக்கிறேன். துடைத்துவிட்டுத் தொட்டால் முதல் தொடுதலிலேயே வேலை நடக்கிறது. ஓராண்டாகப் போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜெலுத்தோங் தம்பி சொன்னபடி போனை வெயில் படாத உள்பக்கத் தட்டுக்கு மாற்றினேன். சாயங்காலம் சூடாவது குறைந்திருக்கிறது.

தீராதது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். படங்களை வேகமாகத் தள்ளினால் மகளின் போன் மாதிரி விரலோடு ஒட்டி வருவதில்லை. செந்தூல் தம்பி சொன்னது அதுதான் என்று இப்போது புரிகிறது. அது அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் என்னை வெள்ளிக்கிழமை வரிசையின் முன்னால் தலைகுனிய வைத்தது அது இல்லை. அடுத்த போன் வாங்கும்போது முதலில் யுஎஃப்எஸ்ஸா என்று கேட்பேன், அப்புறம் 8 ஜிபி ரேம், அதற்குப் பிறகுதான் 120. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஆர்டர்கள் வரும்வரை இந்தப் போனே போதும்.

நேற்று அதே அம்மா வந்தார். மருமகளுக்கு வளைகாப்பாம். போன தடவை கட்டிய மாலையைக் காட்டச் சொன்னார். கையைத் துடைத்துவிட்டுத் தொட்டேன், அவர் பையைக் கீழே வைப்பதற்குள் படம் திறந்திருந்தது. “இதேதான்” என்றார். அண்ணே, பிறையிலோ பட்டர்வொர்த்திலோ நீங்கள் நம்பும் பேட்டரிக் கடை ஏதாவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், ஃபெரியில் வந்துவிடுகிறேன்.